நம்பிக்கையான கான்ட்ராக்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வீடு கட்டுவோருக்கும் பழுது பார்ப்போருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டு வேலைக்கு ஆள் தேடும்போது நாம் முதலில் கேட்பது "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். நானும் அப்படித்தான் கேட்டேன். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஈரம் ஊறிக்கொண்டிருந்தது. மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைவாகச் சொன்னவரிடம் வேலையைக் கொடுத்தேன். அவர் ஊறிய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசி, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. நான்கே மாதத்தில் அதே இடத்தில் பெயிண்ட் உப்பத் தொடங்கியது. போன் செய்தால் எடுக்கவில்லை.

அடுத்து வந்தவர் விலையே சொல்லவில்லை. "முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்" என்றார். அன்று இரவு எல்லாக் குழாய்களையும் மூடச் சொன்னார். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் வால்வையும் மூடி, நீர்மட்டத்தைத் தொட்டியின் உட்சுவரில் பென்சிலால் குறித்துவைத்தோம். காலையில் பார்த்தால் மட்டம் இறங்கவே இல்லை. சரி, குழாயில் ஓட்டை இல்லை. பிறகு குளியலறைத் தரையின் வடிகால் வாயைத் துணியால் அடைத்து இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினார். மறுநாள் சாயங்காலம் படுக்கையறைச் சுவரில் ஈரத்திட்டு நன்றாகக் கறுத்திருந்தது. தரையும் சுவரும் சேரும் மூலையில்தான் கோளாறு. அதன் பிறகுதான் விலை பேசினார். முதல் ஆள் கேட்டதைவிட அதிகம்தான். அந்தச் சுவர் இன்றுவரை காய்ந்தே இருக்கிறது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு வீடு கட்டும்போதும் சரி, சின்னச் சின்ன வேலைக்கும் சரி, இரண்டு விஷயங்களை நான் விடுவதில்லை. ஆளை அவருடைய பேச்சை வைத்து எடைபோடாமல் வேலையைப் போய்ப் பார்ப்பது ஒன்று. பணம் எப்போதும் வேலைக்குப் பின்னால்தான் போகும்படி பார்த்துக்கொள்வது இன்னொன்று. கீழே வரும் படிகள் எல்லாமே இந்த இரண்டையும் சுற்றியவை.

படி 1: என்ன வேலை என்று எழுத்தில் தயார் செய்யுங்கள்

கான்ட்ராக்டரைக் கூப்பிடுவதற்கு முன்பே உங்கள் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். புது வீடு என்றால் அளவுகளோடு கூடிய வரைபடமும், கட்டமைப்புப் பொறியாளர் கொடுத்த கம்பி விவரமும் வேண்டும். எந்தத் தரச் சிமெண்ட், எத்தனை மில்லிமீட்டர் கம்பி, கதவுக்கு என்ன மரம், டைல்ஸ் என்ன அளவு, குழாயும் வயரும் எந்த வகை, பெயிண்ட் எத்தனை கோட் என்பதெல்லாம் ஒரு பட்டியலாக இருக்கட்டும். "நல்ல குவாலிட்டியில் போட்டுத் தருகிறேன்" என்ற வாக்கியத்துக்கு ஆளுக்கு ஓர் அர்த்தம் உண்டு. "12 மி.மீ. கம்பி, 15 செ.மீ. இடைவெளி" என்பதற்கு ஒரே அர்த்தம்தான்.

பழுதுபார்ப்பு என்றால் நோயைக் கண்டுபிடித்த பிறகுதான் மருந்து. சுவரில் விரிசல் இருந்தால் அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். சில வாரம் கழித்தும் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் பெரும்பாலும் பழைய விரிசல். தாண்டி நீண்டால் பூசி மறைக்கும் ஆளைத் தேடாமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கூரைத் தளத்தில் சிமெண்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தாலும் அப்படித்தான். சுவரை இடித்து அறையைப் பெரிதாக்க நினைத்தால், அந்தச் சுவர் மேலே இருக்கும் பாரத்தைத் தாங்குகிறதா என்று பொறியாளர் சொல்லாமல் ஒரு செங்கலையும் தொடவிடாதீர்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலையைச் சரிபார்க்கும் பொறியாளருக்கு நீங்கள்தான் கட்டணம் கொடுக்க வேண்டும். கான்ட்ராக்டரே கூட்டிவரும் பொறியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவருக்குப் படியளப்பவர் கான்ட்ராக்டர்தான்.

படி 2: நான்கைந்து பெயர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

சமீபத்தில் கட்டியவர்கள், உங்கள் பொறியாளர், பழக்கமான எலக்ட்ரீஷியன், பிளம்பர் என்று எல்லோரிடமும் கேளுங்கள். கட்டுமானப் பொருள் விற்பவர்களிடம் கேட்பது எனக்கு மிகவும் உதவியது. யார் கடனை நேரத்துக்கு அடைக்கிறார், யார் பாக்கி வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். கடைக்குப் பாக்கி வைப்பவர் உங்கள் பணத்தை வாங்கிப் பழைய கடனை அடைத்துவிட்டு, உங்கள் வேலைக்குக் கம்பி வாங்கக் காசு இல்லாமல் நிற்பார்.

உறவுக்காரர் என்பதற்காக மட்டும் யாரையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மற்றவர்களைப் போலவே விசாரியுங்கள். கதவைத் தட்டி, "பக்கத்துத் தெருவில் வேலை பார்த்தோம், மெட்டீரியல் மீதி இருக்கிறது, உங்கள் மாடியையும் இன்றே முடித்துத் தருகிறோம்" என்பவர்களைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம்.

படி 3: வேலை நடக்கும் சைட்டுக்குப் போங்கள்

இதைத்தான் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். போனில் பத்து படங்கள் காட்டுவார்கள். அந்த வீடுகளை அவர்தான் கட்டினார் என்பதற்கே அத்தாட்சி கிடையாது. "இப்போது எங்கே வேலை நடக்கிறது? நான் ஒருநாள் வந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நல்ல ஆள் உடனே முகவரி சொல்வார். போன பிறகு இவற்றைக் கவனியுங்கள்.

சிமெண்ட் மூட்டைகள் பலகை மேல், சுவரைத் தொடாமல், மூடிவைக்கப்பட்டிருக்கின்றனவா? மண்ணில் நேரடியாகக் கிடந்து ஈரம் இழுத்த மூட்டை கட்டிபிடித்துவிடும். கம்பிகளில் லேசான பழுப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். கையால் தேய்த்தால் செதில் செதிலாக உதிர்ந்தால்தான் சிக்கல்.

தளத்துக்குக் கம்பி கட்டியிருந்தால் குனிந்து கம்பிக்கு அடியில் பாருங்கள். சென்ட்ரிங் பலகைக்கும் கம்பிக்கும் நடுவே கவர் பிளாக், அதாவது கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை, இருக்க வேண்டும். தளத்துக்குச் சுமார் 20 மி.மீ., பீமுக்கு 25, பில்லருக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 என்பது வழக்கமாகப் பின்பற்றப்படும் அளவு. அது இல்லாமல் கம்பி பலகையில் படுத்துக் கிடந்தால், கான்கிரீட் போட்ட பிறகு கம்பி அடிப்பரப்பிலேயே தங்கிவிடும். ஈரமும் காற்றும் எளிதாக உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும். துரு கம்பியைவிட அதிக இடம் பிடிப்பதால் சிமெண்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பழைய வீடுகளில் கூரை பெயர்ந்து விழுவதற்கு ஒரு முக்கியக் காரணம், சில ரூபாய்க்குரிய இந்தச் சின்னக் கட்டை இல்லாமல் போனதுதான்.

கலவை போடும்போது அங்கே இருக்க முடிந்தால் இன்னும் நல்லது. தண்ணீரை அளந்து ஊற்றுகிறார்களா, ஹோஸ் பைப்பைப் பிடித்துக் கண்ணளவில் விடுகிறார்களா என்று பாருங்கள். நீர்-சிமெண்ட் விகிதம் 0.5 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர்தான், மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. கலவை தண்ணியாக இருந்தால் கொட்டிப் பரப்புவது சுலபம், அதனால் ஆட்கள் கூடுதலாக ஊற்றத்தான் பார்ப்பார்கள். அந்த அதிகப்படி நீர் காய்ந்து போகும்போது கான்கிரீட்டுக்குள் நுண்ணிய துளைகளை விட்டுப்போகும், பலமும் குறையும். பலகை பிரித்த பில்லர்களில் ஜல்லி வெளியே தெரிந்து தேன்கூடு போல ஓட்டைகள் இருந்தால், அங்கே வைப்ரேட்டரை (கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் கருவி) ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை என்று அர்த்தம்.

முந்தின வாரம் போட்ட பில்லர்களில் ஈரச் சாக்கு சுற்றியிருக்கிறதா? தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்களா? கான்கிரீட் 7 நாளில் தன் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எட்டும். 28 நாள் பலம் என்று பொறியாளர்கள் கணக்கிடும் அளவுக்கு வர அது ஈரமாக இருக்க வேண்டும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் போன்றவை கலந்த சிமெண்டுக்கும் வெயில் காலத்துக்கும் 10 முதல் 14 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் இதைச் செய்கிறவர்தான் உங்கள் வீட்டிலும் செய்வார்.

அப்புறம், டீ குடிக்கும் நேரத்தில் கொத்தனாரோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். "இவரோடு எத்தனை வருஷமாக வேலை பார்க்கிறீர்கள் அண்ணே?" என்று கேட்டாலே நிறையத் தெரியும். ஐந்தாறு வருஷமாக அதே கொத்தனார்கள் கூடவே இருக்கிறார்கள் என்றால், அந்தக் கான்ட்ராக்டர் கூலியை ஒழுங்காகக் கொடுக்கிறார் என்று நம்பலாம். கூலிக்கு இழுத்தடிப்பவரிடம் ஆட்கள் தங்க மாட்டார்கள். ஆள் நிற்காத சைட்டில் வேலை நகராது.

படி 4: முடித்த வீட்டுக்காரர்களைச் சந்தியுங்கள்

கான்ட்ராக்டர் கூட வராமல் நீங்கள் மட்டும் போங்கள். நேற்று கிரகப்பிரவேசம் முடிந்த வீட்டைவிட, ஒன்றிரண்டு மழைக்காலம் பார்த்த வீடுதான் உண்மை சொல்லும். "நல்லா கட்டினாரா?" என்று கேட்டால் "நல்லா கட்டினார்" என்றுதான் பதில் வரும். கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள். முதலில் பேசிய தொகைக்கும் கடைசியில் கொடுத்த தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம்? அந்தக் கூடுதல் எதற்கு ஆனது? எத்தனை மாதம் என்று சொல்லி எத்தனை மாதத்தில் முடித்தார்? கடைசித் தவணை வாங்கிய பிறகு ஏதாவது கோளாறு என்று கூப்பிட்டீர்களா, வந்தாரா?

அந்தக் கடைசிக் கேள்விக்கு "வந்தார்" என்ற பதில் கிடைத்தால், மற்றதில் சில குறை இருந்தாலும் அந்தப் பெயரை என் பட்டியலில் மேலே வைப்பேன். கோளாறு எல்லார் வேலையிலும் வரும். திரும்பி வருகிற ஆள்தான் அரிது.

படி 5: ஒரே தாளை எல்லோருக்கும் கொடுத்துக் கொட்டேஷன் வாங்குங்கள்

இதுவரை விசாரித்ததில் தேறிய மூன்று பேருக்கும் ஒரே வரைபடம், ஒரே பொருள் பட்டியல். இல்லையென்றால் மூன்று வெவ்வேறு வீடுகளுக்கு விலை வாங்கியது போலாகும்.

சதுர அடிக் கணக்கில்தான் பெரும்பாலான சண்டைகள் பிறக்கின்றன. எந்தச் சதுர அடி என்று கேளுங்கள். சுவர் கனத்தையும் சேர்த்தா, சேர்க்காமலா? படிக்கட்டு, போர்டிகோ, பால்கனி எல்லாம் முழு விலைக்கா, பாதி விலைக்கா? நிலத்தடித் தொட்டி, செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர், மாடிக் கைப்பிடிச் சுவர், மேல்தொட்டி, கேட், தளத்தில் நீர்க்காப்பு, மண் நிரப்புதல், இடிபாடு அள்ளுதல் ஆகியவை உள்ளே இருக்கின்றனவா, வெளியே இருக்கின்றனவா? "இதெல்லாம் சேராது" என்பதையும் கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள். சேராதவற்றின் பட்டியலைத் தானாகவே எழுதிக் கொடுப்பவரை நான் ஒரு படி கூடுதலாக நம்புவேன்.

இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே தொகை சொல்ல, மூன்றாமவர் வெகுவாகக் குறைத்துச் சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன் காரணம் கேளுங்கள். ஒன்று, ஏதோ ஒரு வேலையை விட்டுவிட்டார். இல்லையென்றால் நடுவில் "எக்ஸ்ட்ரா" என்று எடுத்துக்கொள்ளப் போகிறார். அதுவும் இல்லையென்றால் பொருளில் கை வைப்பார்.

லேபர் கான்ட்ராக்டா, மெட்டீரியலோடு சேர்த்தா என்பது உங்களால் தினமும் நேரம் கொடுக்க முடியுமா என்பதைப் பொறுத்தது. பொருளை நீங்கள் வாங்கிக் கொடுத்தால் தரம் உங்கள் கையில் இருக்கும். ஆனால் ஜல்லி வரவில்லை என்று பத்துப் பேர் சும்மா உட்கார்ந்தால் அந்தக் கூலியும் உங்கள் தலையில்தான். வேலைக்குப் போகிறவர்களுக்கு மெட்டீரியலோடு கொடுத்துவிட்டு, பொருள் வந்திறங்கும்போது சரிபார்ப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பழுதுபார்ப்பில், கொத்தித் திறந்த பிறகுதான் உள்ளே எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரியும். அதனால் மொத்தத் தொகையோடு, கூடுதலாக ஒரு சதுர அடி கொத்தினால் எவ்வளவு, ஒரு மீட்டர் குழாய் மாற்றினால் எவ்வளவு என்று யூனிட் விலையையும் முன்கூட்டியே பேசிவையுங்கள். சுவரைத் திறந்துவிட்ட பிறகு பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்காது.

படி 6: ஒப்பந்தம் எழுதுங்கள்

தெரிந்தவர், நல்லவர் என்றாலும் எழுதுங்கள். எழுதுவது சந்தேகத்தால் அல்ல, ஆறு மாதம் கழித்து இருவருக்குமே ஞாபகம் மாறிவிடும் என்பதால். வரைபடமும் பொருள் பட்டியலும் ஒப்பந்தத்தின் பகுதியாக, இருவர் கையெழுத்தோடு இணைக்கப்பட வேண்டும். தொடங்கும் தேதி, ஒவ்வொரு கட்டமும் முடியும் தேதி, தாமதமானால் என்ன செய்வது, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் யார் செலவு, நடுவில் யாராவது விலகினால் கணக்கை எப்படி முடிப்பது என்பதெல்லாம் இருக்கட்டும். ஒப்படைத்த பிறகு வரும் குறைகளைக் குறைந்தது ஒரு வருடம், ஒரு மழைக்காலமாவது அதற்குள் அடங்கும்படி, சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும் என்ற வரி கட்டாயம்.

தொழிலாளர்களுக்கான காப்பீட்டைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் அவர் குடும்பத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி, விழுந்த பிறகு பேசக்கூடியது அல்ல. உங்கள் ஊரில் கான்ட்ராக்டருக்கோ எலக்ட்ரீஷியனுக்கோ உரிமம் தேவை என்றால் அந்த எண்ணை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கட்டட அனுமதி உங்கள் பெயரில் கைக்கு வந்த பிறகுதான் கடைக்கால் தோண்ட வேண்டும்.

படி 7: பணத்தை வேலைக்குப் பின்னால் நடத்துங்கள்

அட்வான்ஸ் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். பாதித் தொகையை முதலிலேயே கேட்பவரிடம் சொந்த முதலும் இல்லை, கடையில் அவர் பேருக்குக் கடனும் கிடைக்கவில்லை என்று பொருள். புது வீட்டுக்கு நான் பயன்படுத்திய மாதிரி இது: அட்வான்ஸ் 10, அடித்தளம் முடிந்ததும் 15, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) மட்டத்தில் 15, மேல்தளக் கான்கிரீட் முடிந்ததும் 20, பூச்சு முடிந்ததும் 15, தரையும் குழாயும் மின்சாரமும் முடிந்ததும் 10, சாவி வாங்கும்போது 10, பிடித்துவைத்து ஒரு வருடம் கழித்துக் கொடுப்பது 5. இந்த எண்கள் மாறலாம். தவணை தேதியைப் பார்த்துப் போகாமல், முடிந்த வேலையைப் பார்த்துப் போவதுதான் முக்கியம்.

நடுவில் ஒருநாள் "கம்பி விலை ஏறப்போகிறது, நாளைக்கே பணம் வேண்டும்" என்று வருவார். பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோபப்படாமல், "கடை எது என்று சொல்லுங்கள், நானே கடைக்கு அனுப்பிவிடுகிறேன், அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளலாம்" என்று சொல்லுங்கள். கம்பிக்காகவே கேட்டவர் சம்மதிப்பார்.

எந்தப் பணமும் ஒப்பந்தத்தில் இருக்கும் பெயருக்கு வங்கி வழியாகப் போகட்டும். அவசரத்துக்குக் கையில் கொடுத்தாலும் அன்றே ரசீது வாங்குங்கள். நீங்கள் ஏதாவது மாற்றம் கேட்டால், ஜன்னலை ஓர் அடி நகர்த்துவதாக இருந்தாலும், எவ்வளவு கூடும், எத்தனை நாள் தள்ளும் என்று எழுதி வாங்கிய பிறகே செய்யச் சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால், பட்ஜெட் எகிறுவதற்குப் பாதிக் காரணம் நாம் நடுவில் மனம் மாறுவதுதான். அந்தச் செலவை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

படி 8: வேலை நடக்கும்போது

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, வந்த ஆட்கள், நடந்த வேலை, இறங்கிய பொருள், செலவான மூட்டை. தினம் ஐந்து நிமிட வேலை. தகராறு என்று வந்தால் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

கம்பி இறங்கியதும் ஒரு மீட்டர் துண்டு வெட்டி எடை போடுங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி சுமார் 0.89 கிலோ, 8 மி.மீ. சுமார் 0.395 கிலோ இருக்க வேண்டும். சில சதவீதம் முன்பின் இருப்பது இயல்பு. அதற்கு மேல் குறைந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

மறையப்போகும் எதையும் மறைவதற்கு முன் பார்த்துவிடுங்கள். கான்கிரீட் போடும் முன் கம்பியைப் பொறியாளர் பார்க்க வேண்டும். சுவர் பூசும் முன் தண்ணீர்க் குழாய்களுக்கு அழுத்தச் சோதனை நடக்க வேண்டும். குழாயும் வயர்ப் பைப்பும் போகும் சுவரில் டேப்பை விரித்துப் பிடித்துப் போட்டோ எடுத்துவையுங்கள். பத்து வருஷம் கழித்து ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உதவும். டைல்ஸ் ஒட்டும் முன் குளியலறையில் 24 மணி நேரமாவது தண்ணீர் நிறுத்திக் கீழே கசிகிறதா என்று பாருங்கள்.

முட்டுப் பலகையைப் பிரிக்க அவசரப்படுவார்கள், வாடகை ஓடுமே. 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரை நீளமுள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். குளிர்காலத்திலும் கலப்புச் சிமெண்டிலும் இன்னும் கூடும். பொறியாளர் சொல்லாமல் ஒரு முட்டும் கழலக் கூடாது.

தப்பைப் பார்த்தால் கொத்தனாரிடம் சத்தம் போடாதீர்கள். கான்ட்ராக்டரிடம் சொல்லுங்கள், செய்தியாகவும் அனுப்புங்கள். ஆளுக்கொரு உத்தரவு போனால் பிறகு "நீங்கள்தானே அப்படிச் செய்யச் சொன்னீர்கள்" என்ற பதில்தான் வரும்.

வேலை பாதியில் நின்றுபோனால், முதலில் அடுத்த தவணையை நிறுத்துங்கள். பிறகு பொறியாளரை வைத்து, கான்ட்ராக்டரையும் அழைத்து, இதுவரை முடிந்த வேலையை அளந்து எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அவர் வரவில்லை என்றால் படங்களோடு எழுத்தில் தெரிவித்து ஒரு கெடு கொடுங்கள். அளக்காமல் அடுத்த ஆளை உள்ளே விட்டுவிட்டால், யார் செய்தது எது என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிப்பது கடினம்.

படி 9: சாவி வாங்கும் நாள்

பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் போங்கள். டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே நடங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் அடியில் கலவை நிரம்பவில்லை. குளியலறைத் தரையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது வடிகாலை நோக்கித்தான் ஓடுகிறதா என்று பாருங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறங்கள். எல்லா ஸ்விட்சையும் போடுங்கள். மின்கசிவைத் தடுக்கும் பிரேக்கரின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் உடனே மின்சாரம் நிற்க வேண்டும். கதவு, ஜன்னல் ஒவ்வொன்றையும் மூடித் திறங்கள். குறைகளை அறை வாரியாக எழுதி, முடிக்கும் தேதி போட்டு, இருவரும் கையெழுத்திடுங்கள். மோட்டார், ஹீட்டர் வாரண்டி அட்டைகளையும் கடைசியாகத் திருத்திய வரைபடத்தையும் அன்றே வாங்கிவிடுங்கள்.

பிடித்துவைத்த அந்த 5 சதவீதத்துக்கான நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். ஒரு மழைக்காலமும் தாண்டி அந்த நாள் வந்ததும் கான்ட்ராக்டரை வீட்டுக்குக் கூப்பிட்டு, மாடி, சுவர், குளியலறை எல்லாவற்றையும் அவரோடு சேர்ந்து ஒரு சுற்று பாருங்கள். ஏதாவது இருந்தால் சரிசெய்யச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லை என்றால், அவர் கேட்கும் வரை காத்திருக்காமல் அன்று சாயங்காலமே பணத்தை அனுப்பிவிடுங்கள். வேலை தொடங்கும் முன் நீங்கள் போனது போல, அடுத்து யாராவது உங்களிடம் வந்து அவரைப் பற்றி விசாரித்தால், வீட்டுக்குள் அழைத்துப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.